கிழங்கானைத் தேடி நான்கு நாள்

ஜனவரி 16, வெள்ளி – தரங்கம்பாடி

ஈரோட்டுக்கு வரும் கடல்மீன் பனிக்கட்டியில் இரண்டு நாள் கிடந்து கண் வெளுத்துத்தான் வந்து சேரும். அந்தக் கண் வெளுத்த கிழங்கானைத்தான் இருபது வருஷமாக என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்டி வருகிறேன். முதல் முதுகுத் துடுப்பில் 11 முள், கூம்பு மூக்கு, சின்ன வாய், மணலில் புதையும் வழக்கம், அறிவியல் பெயர் சில்லாகோ சிஹாமா. இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். போன தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மகள், கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிப்பவள், "சிஹாமான்னா என்ன அத்தை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாகச் சொல்லிய சொல்லுக்குப் பொருள் தெரியாதது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து தேடிப் படித்ததில் கதை ஏமனுக்கும் பெர்லினுக்கும் போய், கடைசியில் நம் தரங்கம்பாடியில் வந்து நின்றது. பொங்கல் விடுமுறைக்கு இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.

காணும் பொங்கலுக்கு முந்தின நாள் என்பதை யோசிக்காமல் வந்தது தப்பு. நாலு இடத்தில் அறை இல்லை என்றார்கள். ஐந்தாவதாக, மீனவர் தெரு முனையில் ஒரு வீட்டு மாடி. இரவுக்கு 1,500 ரூபாய், வெந்நீர் கிடையாது. ஆனால் வீட்டம்மா கதவைத் திறந்ததும் விலை பேசவில்லை. "சாப்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பயண அலுப்பு பாதி போய்விட்டது.

சாயங்காலம் 1792இல் கட்டிய ஊர்வாசலைத் தாண்டி ராஜவீதியில் நடந்தோம். 1620இல் தஞ்சை நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே வந்தார்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். எல்லோரும் பாதிரியார் சீகன்பால்கு பற்றியும் அவர் இங்கே நடத்திய தமிழ் அச்சகம் பற்றியும்தான் பேசுவார்கள், பேசவும் வேண்டும். எனக்கு அந்தத் தெருவில் வேண்டியவர் வேறொருவர்: கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்.

1771இல் வந்த ஜெர்மன் பாதிரியார் அவர். 1813இல் இறக்கும்வரை நாற்பத்திரண்டு வருஷம் இந்தக் கரையோடு வாழ்ந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார். மீதி நேரத்தில் கிளிஞ்சல், பாம்பு, மீன் என்று சேர்த்தார். சேர்த்த மீன்களைச் சாராயத்தில் ஊறவைத்தும் உலர்த்தியும் கப்பலில் பெர்லினுக்கு அனுப்பினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். அங்கே அவற்றை வாங்கிப் பார்த்தவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக், ஒரு யூத மருத்துவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1782 முதல் 1795 வரை அவர் வெளியிட்ட மீன் நூலில் 432 வண்ணப் படங்கள் இருக்கின்றன. அதில் 1793இல் வந்த பகுதியில் ஒரு மீன் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு, 'ஜோனியஸ்' என்று ஜானின் பெயரையே வைத்தார். நம் கத்தாழை மீன்கள் பல அந்தப் பேரினத்தில்தான் இருக்கின்றன.

அதைவிட எனக்கு நெஞ்சு நிறைந்த செய்தி, அதில் ஓர் இனத்தின் பெயர்: ஜோனியஸ் கருட்டா. கருத்த கத்தாழை! கரையில் யாரோ ஒருவர் மீனைத் தூக்கிக் காட்டிச் சொன்னதை ஜான் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இன்றைக்கும் உலகத்தில் எந்த மொழிக்காரர் ஆனாலும் அந்த மீனை அந்தத் தமிழ்ச் சொல்லால்தான் எழுத வேண்டும். விராலுக்கும் இப்படி ஒன்று நடந்தது. பிளாக் அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார். பாரிஸில் லாசெபேட் என்ற விலங்கியல் அறிஞர் 1801இல் 'ரால்' என்றே பெயராக்கிவிட்டார், அதாவது நம் விரால். குறவைக்கு 'கர்ருவே'. முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி என்பதால் அவை இரண்டும் நிற்கவில்லை. கருட்டா நின்றது.

இரவுச் சாப்பாடு வீட்டம்மா கையால்: வெந்தயம் தாளித்த மீன் குழம்பு, முருங்கைக்கீரை. ஆளுக்கு 120 ரூபாய்.

ஜனவரி 17, சனி – தரங்கம்பாடி

காணும் பொங்கல். எட்டு மணிக்கே கோட்டைக்கு முன்னால் வேன்களும் டிராக்டர்களும் குவிந்துவிட்டன. கரும்புச் சக்கை, பீப்பீ ஊதல், கடலில் பிள்ளைகளின் கூச்சல். வெயில் உறைக்கவில்லை, வாடைக்காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்துக்கொண்டே இருந்தது. மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் ஒதுங்கினோம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

அங்கே படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கடலுக்குப் போகவில்லையா என்றேன். "இன்னிக்கு யாரும்மா போவா? நாளைக்குக் காலையில கரைவலை இருக்கு, வாங்க" என்றார். நான் கிழங்கானைப் பற்றிக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது சாதுவான மீனு. ஆனா வலைக்கு ஏமாத்துக்காரன். வலையோட ஈயம் தரையில உரசிக்கிட்டு வர்ற சத்தம் கேட்டா, ஓடாது. மூக்கை மணல்ல குத்திச்சுன்னா அம்புட்டுத்தான், உள்ள போயிரும். வலை மேல போவும், அது கீழ கெடக்கும். போனப்புறம் எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டுப் போவும்."

நான் புத்தகத்தில் 'அச்சம் ஏற்பட்டால் மணலில் புதையும்' என்று ஒரு வரியாகப் படித்ததை அவர் தன் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். விரல் நுனிகளை ஈர மணலில் செருகி, மணிக்கட்டை இரண்டு தடவை அசைத்தார். கை மறைந்துவிட்டது. அண்ணன் மகள் அதை அப்படியே குறிப்பேட்டில் படம் போட்டுக்கொண்டாள். கூம்பு மூக்கு எதற்கு என்று இனி நான் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, கையைக் காட்டினால் போதும்.

மதியத்துக்கு மேல் மழை. ஜனவரியில் இப்படிப் பெய்யும் என்று குடை எடுத்து வரவில்லை. நனைந்து ஓடி வந்ததில் என் செருப்பு ஒன்று அறுந்து, கடைத்தெருவில் 180 ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கினேன். ராத்திரி மின்சாரமும் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளுக்குச் சிஹாமாவின் கதையைச் சொன்னேன்.

பெட்ரஸ் ஃபோர்ஸ்கால், உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1761இல் டென்மார்க் அரசர் அரபு நாட்டுக்கு அனுப்பிய ஆய்வுப் பயணத்தில் ஆறு பேரில் ஒருவர். அந்தப் பயணத்தை முதலில் திட்டமிட்டபோது தரங்கம்பாடி வழியாகப் போவதாகத்தான் பேச்சு. பிறகு வழி மாறியது. செங்கடல் கரையில் ஏமனின் லுஹய்யாவில் நம் கிழங்கானைப் பார்த்துக் குறித்தார். உள்ளூரார் சொன்ன அரபுப் பெயர்களையே பல மீன்களுக்கு வைத்தவர் அவர். சிஹாமாவும் அந்த வகை. மீனை அவர் பதப்படுத்திய விதம் விசித்திரமானது: பாதி உடலின் தோலை உரித்து, காயவைத்து, செடி கொடிகளை ஒட்டுவது போலக் காகிதத்தில் ஒட்டிவிடுவார். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இன்றும் அந்த மீன் ஏடுகள் இருக்கின்றன.

1763 ஜூலையில் ஏமன் மலையூரான யரீமில் மலேரியாவில் இறந்துபோனார். வயது முப்பத்தொன்று. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறந்து, ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். நண்பனின் குறிப்புகளை அவர்தான் 1775இல் அச்சிட்டார். சிஹாமா என்ற பெயர் அதில்தான் உலகத்துக்கு வந்தது. மெழுகு உருகிக்கொண்டிருந்தது. "அந்தப் பெயரை அச்சுல அவர் பார்க்கவே இல்லையா அத்தை?" என்றாள். இல்லை என்றேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு – தரங்கம்பாடி

ஐந்தரைக்குக் கடற்கரை. படகு வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வந்திருந்தது. இரண்டு பக்கமும் வடத்துக்குப் பதினைந்து பேர். இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். நானும் பிடித்தேன். கால் மணி நேரத்தில் உள்ளங்கை கன்றிவிட்டது. "போதும் டீச்சர், நீங்க மீனைப் பாருங்க" என்று என் கையிலிருந்து வடத்தை மெல்ல வாங்கிக்கொண்டார் ஓர் இளைஞர். இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வலையின் மடி கரைக்கு வந்தது.

வெள்ளை வெளேரென்று காரப்பொடி, நெத்திலி, நாலைந்து நாக்கு மீன், கத்தாழை, சொறி என்கிற ஜெல்லி மீன். இரண்டரை மணி நேர உழைப்புக்கு அது போதவே போதாது. முப்பது பேருக்குப் பிரித்தால் டீச்செலவுதான் மிஞ்சும் என்று ஒருவர் சொன்னார், குரலில் கோபம் இல்லை. அந்தக் குவியலில் கிழங்கான் பதினேழே பதினேழு.

உயிரோடு இருக்கும் கிழங்கானை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஈரோட்டில் பார்த்த சாம்பல் மீன் இது இல்லை. முதுகு ஈர மணலின் நிறம், கொஞ்சம் தேன் கலந்தாற்போல. பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு ஓடுகிறது. மூக்கு நுனி கண்ணாடி போலத் தெளிந்து, உள்ளே இளஞ்சிவப்பு தெரிகிறது. வாயை மெல்லத் திறந்ததும் அது குழாய் மாதிரி முன்னால் நீண்டது. மணலிலிருந்து புழுவை உறிஞ்ச அமைந்த வாய். பக்கத்திலிருந்த இன்னொரு மீனையும் எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். அது குவியலுக்கு அடியில் கிடந்த கெளுத்தியின் முள். பெருவிரலில் ஏறிவிட்டது.

வலி தோள்வரை ஏறியது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. மீன் வாங்க வந்திருந்த ஓர் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, அதில் விரலை அழுத்திப் பிடித்தார். "எடுக்காத, எடுக்காத, விஷம் எறங்கும்." கெளுத்தி விஷம் புரதம், சூட்டில் சிதையும் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவர் கைக்கு நினைவிருந்தது. அரைமணி நேரத்தில் வலி அடங்கியது. டீக்கடைக்காரர் தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு டீக்கு மட்டும் 24 ரூபாய்.

அந்த அக்காவிடமே ஒரு கூறு கிழங்கான் வாங்கினோம், எட்டு மீன், 200 ரூபாய். அரிவாள்மணையில் உட்கார்ந்து செதில் சீவி வயிற்றைக் கீறியபோது, காற்றுப்பையைக் கிழிக்காமல் காட்டச் சொன்னேன். "நெட்டியா? கிழங்கானுக்கு நெட்டி விலை போவாதே" என்றார். இருந்தாலும் விரல்நுனியால் குடலை ஒதுக்கி, முதுகெலும்பை ஒட்டிக்கிடந்த அந்தப் பையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெங்காயத் தோல் போல மெல்லிசு. முன்பக்கம் இரண்டு கொம்பு, பின்பக்கம் வாலை நோக்கிக் கூர்ந்துபோகும் இரண்டு நுனி.

கிழங்கான் குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வெளியே பார்த்தால் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயல். கண்ணில் படும் அடையாளங்களை நம்பி இருநூறு வருஷம் குழம்பினார்கள். ஃபோர்ஸ்காலே இதை வேறு குடும்பத்து மீனோடுதான் சேர்த்திருந்தார். சில்லாகோ என்று தனிப் பேரினமாக்கியவர் பாரிஸின் விலங்கியல் அறிஞர் கூவியே. பிளாக் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட நூலில் இதே மீன் 'மலபாரிகா' என்ற பெயரிலும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாதிரிமார் தமிழை 'மலபார் பாஷை' என்றே எழுதினார்கள். அந்தப் பெயர் கேரளத்தைச் சொல்லவில்லை, நம் கரையைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் 1985இல் ஆஸ்திரேலியாவின் ரோலண்ட் மெக்கே இந்தக் குடும்பம் முழுவதையும் அலசி எழுதியபோது, இனங்களைப் பிரிக்கப் பெரிதும் கைகொடுத்தது இந்த நெட்டிதான். அதே காலத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் தத், சுஜாதா இருவரும் நம் கடல் கிழங்கான்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு 'சொரிங்கா' என்று பெயர் வைத்தார்கள். விசாகப்பட்டினக் கரையில் வழங்கிய பெயர் அது. 1803இலேயே இயற்கை ஆய்வாளர் பாட்ரிக் ரஸ்ஸல் தன் மீன் நூலில் பதிந்துவைத்தது.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அக்கா அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு கத்தாழையை எடுத்து, சொல்லாமலே வயிற்றைக் கீறி அதன் நெட்டியையும் காட்டினார். சுத்தியல் வடிவம். ஜான் பெயர் தாங்கிய பேரினத்தின் அடையாளமே அந்தச் சுத்தியல்தான். "எங்க அம்மா இப்பிடித்தான் கத்தாழையில சாதி பிரிப்பாங்க. நெட்டியைப் பாத்து" என்றார். எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. அவருடைய அம்மாவின் பெயரைக் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஜானுக்கு அந்தக் 'கருத்த' என்ற சொல்லைக் கொடுத்தவர் பெயரை அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற ஆற்றாமைதான் காரணம்.

மதியம் வீட்டம்மா அந்த எட்டு மீனையும் மஞ்சள், மிளகு போட்டு நீர்க்கக் குழம்பு வைத்துத் தந்தார். காய்ச்சல்காரர்களுக்கு வைக்கும் குழம்பாம், என் விரல் வீக்கத்துக்காக. முள் தனியாக உருவிக்கொண்டு வருகிறது, சதை வாயில் வைத்ததும் உதிர்கிறது. கிழங்கானின் ருசியை இத்தனை வருஷம் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

ஜனவரி 19, திங்கள் – சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை

பள்ளிக்கு ஒருநாள் விடுப்பு. சீர்காழி தாண்டி பஸ் டயர் வெடித்து ஒன்றே கால் மணி நேரம் சாலையோரம் நின்றோம். கரும்பு லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, குழந்தை வைத்திருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும், இரண்டு பேருக்கு 140 ரூபாய். அந்தக் கொத்சுக்காகவே இன்னொரு முறை டயர் வெடிக்கலாம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா வளர்த்தெடுத்த இடம். நேரம் போய்விட்டதால் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. அண்ணன் மகள் மட்டும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. இங்கேதான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள் போல.

நாலு மணிக்குக் கிள்ளை. நீர் வற்றிய நேரம். கழிமுகத்தில் முழங்காலளவு தண்ணீரில் இருளர் பெண்கள் ஏழெட்டுப் பேர் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாயில் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள். தடவித் தடவியே இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கரைக்கு வந்த ஒருவரிடம் பறியைக் காட்டச் சொன்னோம். இறாலுக்கு நடுவே விரல் நீளத்தில் இரண்டு கிழங்கான் குஞ்சு.

"இதுவும் கையில அகப்படுமா?" என்றேன்.

"கையில இல்லம்மா, கால்ல. மிதிச்சா தெரியும். எறங்கிப் பாருங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவர் முன்னால் நடக்க, அவர் கால் வைத்த இடத்தில் நானும் வைத்தேன். "அழுத்தாதீங்க. பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி வைங்க." பத்தடி, இருபதடி. சேறு முடிந்து மணல் வந்தது. அண்ணன் மகள் கரையில் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இடது பாதத்தின் நடுவில், பள்ளத்துக்கு நேர் கீழே, மணல் ஒருமுறை துடித்தது. நெல்மணி அளவு அசைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மறுபடி துடித்தது, இந்தத் தடவை குதிகாலை நோக்கி. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, என் காலுக்கு இரண்டு பக்கமும் கையைக் கொண்டுபோனார்.

"இப்ப மெதுவா காலைத் தூக்குங்க" என்றார்.